நூற்றிருபத்திரண்டு சொன்ன கல்குலேற்றர்

பலேர்மோ
12.06.1997

அன்பு மகன் பீலிக்ஸுக்கு,

மாதாவின் தயவாலும் கபோச் சந்தை மீனாலும் இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம். நீயும் மருமகள் றோசமலரும் பிள்ளைகளும் சுகமா, கனடாவில் இப்போதாவது பனி கரைந்துவிட்டதா? என் முழங்கால் இன்னும் என்னோடுதான் இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் கீழ்வீட்டு யோசப்பின், மன்னார்ப் பிள்ளை, எழுத்து முத்து முத்தாக இருக்கும். வழமையாக எழுதித் தரும் அக்காவின் மகள் தர்சனாவை இம்முறை கூப்பிடவில்லை. அவளுக்குத் தெரியக்கூடாத ஒன்று கடைசியில் வருகிறது.

முதலில் நீ அனுப்பிய கல்குலேற்றரின் சங்கதி. பாஸ்காத் திருநாளுக்கு அங்கேயிருந்து வந்த றமேஸ் கொண்டுவந்து தந்தான், நல்ல சாமான், திரையில் கோடு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும், உன் அத்தான் றோபேட் அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பாட்டை மறந்தான். ஆனால் தர்சனாவின் கணக்கு ரீச்சர் ஒரு பார்வைதான் பார்த்தாளாம், இதற்குள் பாடம் முழுவதையும் ஒளித்து வைக்கலாம், சோதனை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள், சாதாரண விஞ்ஞானக் கல்குலேற்றர் ஒன்று கொண்டுவா என்று சொல்லிவிட்டாள். தம்பிக்கு மனம் நோகும், சொல்லாதையுங்கோ அப்பு என்று அக்கா செலஸ்ரீனா என் வாயைக் கட்டினாள். உனக்கு மனம் நோகாது, கோபம்தான் வரும், அது எனக்குப் பழக்கம். உன் மெசின் என் சாரங்களுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது, பல்கலைக்கழகம் போனால் எடுப்பாள். அங்கே போவதற்குத்தான் வருகிற வியாழக்கிழமைக் கணக்குச் சோதனை. அதில் வழுக்கினாள் என்றால் பொறியியலும் இல்லை ஒன்றும் இல்லை, தாய்க்குப் பக்கத்தில் நின்று எசமானி சிஞ்ஞோரா வீட்டு நிலம் துடைக்க வேண்டியதுதான், அதை அவளே எங்களுக்கு நாளுக்கு மூன்று தரம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

றோபேட் வாங்கி வருகிறேன் என்றான், அவன் வாங்கி வருவதற்குள் பிள்ளைக்குக் கலியாணமே முடிந்துவிடும். நான் புறப்பட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும், இது உனக்குத் தெரிந்ததுதான். அதனால் தர்சனா ஒரு கடதாசியில் மூன்று சொல் கீறித் தந்தாள், இந்த மூன்று வடிவமும் பொத்தானில் இருக்கவேணும் அம்மப்பா, வேறை ஒண்டும் பாக்காதையுங்கோ என்றாள். பொலிதேயாமாப் பக்கம் கண்ணாடி போட்ட பெரிய கடை ஒன்றுக்குப் போனேன், அங்கே நின்ற பெட்டை மெசினைக் கண்ணாடிக்குள் வைத்துக்கொண்டு என் கையைப் பார்த்தாளே தவிரத் தொடவிடவில்லை. பொத்தானை அமத்திப் பார்க்கவிடாத கடையில் நான் ஏன் சாமான் வாங்கவேண்டும்? கபோவுக்கே திரும்பி வந்து, ரேடியோவும் பற்றறியும் விற்கிற தொத்தோவின் மேசைக்குப் போனேன். அவன் எடுத்துத் தந்ததில் மூன்று வடிவமும் இருந்தன. ஆனாலும் நான் சும்மா வாங்குகிற ஆளா? சியாகுல்லித் தோட்டத்தில் நான்கு மாரி மந்தரீன் பெட்டி எண்ணினவன். காலையில் இரண்டு பெட்டி, பின்னேரம் மூன்று பெட்டி, பெட்டிக்கு நாற்பது பழம், மொத்தம் இருநூறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டையும் மூன்றையும் கூட்டி நாற்பதால் பெருக்கு என்று அந்த வரிசையிலேயே அமத்தினேன். நூற்றிருபத்திரண்டு என்றது. மூன்று தரம் அமத்தினேன், மூன்று தரமும் வெட்கமில்லாமல் அதையே சொன்னது. கள்ளன் என்பதற்கு இத்தாலியனில் உள்ள சொல் எனக்கு நன்றாகத் தெரியும், மீன்காரன், ஒலிவ்காரன் எல்லோருக்கும் கேட்கத் தொத்தோவைப் பார்த்துச் சொன்னேன். அவன் ஏதோ விளங்கப்படுத்த வந்தான், நான் கை காட்டி நிறுத்திவிட்டேன். பிறகு அவன் தோளைக் குலுக்கிவிட்டு, பெயர் ஊர் இல்லாத இன்னொன்றைத் தூக்கிப் போட்டான். அதிலும் மூன்று வடிவமும் இருந்தன, அது மரியாதையாக இருநூறு சொன்னது. அதை வாங்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி வந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே செத்தவீடு. பிள்ளை பழைய சோதனைத் தாள்களைச் செய்யச் செய்ய எல்லாம் பிழை. ஐந்து வருசம் படித்தது மண்டையை விட்டுப் போய்விட்டது, சோதனைக்கு இருக்கமாட்டேன் என்று இரண்டு நாள் அழுகை. செலஸ்ரீனா இந்தப் பட்டணத்துப் புனிதை சாந்தா றொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுகிறேன் என்று நேர்ந்துவிட்டாள். குகைக்குள் தனிய இருந்து செபம் செய்த பிள்ளையைக் கணக்குக்கு ஏன் இழுக்கிறாய் என்று கேட்டேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். (இதையும் எழுதுவதா என்று யோசப்பின் பேனையைத் தூக்கிக்கொண்டு முறைக்கிறாள். எழுது பிள்ளை.) மூன்றாம் நாள்தான் தர்சனா மெசினைச் சந்தேகப்பட்டாள். அம்மப்பா, இதை எப்பிடிப் பாத்து வாங்கினியள் என்று கேட்டாள், நான் பெருமையோடு முழுவதையும் சொன்னேன். அழுத கண்ணோடேயே விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தாள் முதல் தந்த மெசின்தான் சரி, பெருக்கல்தான் முதல், கூட்டல் பிறகு, உங்கடை பெட்டியளைக் கூட்டவேணுமெண்டா அதுகளை அடைப்புக்குள்ளை போட்டு அமத்தவேணும், உலகம் முழுக்க அப்பிடித்தான் என்றாள். உலகம் என்னை ஒரு சொல் கேட்கவில்லையே என்றேன். விளங்காவிட்டால் சின்னதாகக் காட்டுகிறேன் என்று கடதாசியில் எழுதினாள், இரண்டோடு மூன்று தரம் நாலைக் கூட்டினால் பதினாலு, இருபது இல்லை. அந்தப் பதினாலைக் கேட்டதும் கடதாசியை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

நேற்றுக் காலை மீண்டும் தொத்தோவிடம் போனேன். என்னைக் கண்டதும் அவன் மீன்காரனையும் ஒலிவ்காரனையும் கைதட்டிக் கூப்பிட்டான், பொய் சொல்லுற மெசினைத் தேடி வந்தியோ நொன்னோ, அதாவது கிழவனாரே, என்று கேட்டான். அந்த மெசின் அப்படியே மேசையில் இருந்தது. எல்லோருக்கும் முன்னால் ஸ்கூசி என்று சொல்லும்வரை அதில் கைவைக்கவிடவில்லை. சொன்னேன். எழுபத்தொரு வயதில் ஒரு மனிசனிடம் மன்னிப்புக் கேட்டது இதுதான் முதல் தடவை, செத்துப்போகவில்லை. தொத்தோ எனக்குக் கோப்பியும் வாங்கித் தந்தான். மெசின் இப்போது தர்சனாவின் மேசையில், பழைய தாள்களெல்லாம் சரியாக வருகின்றன, பிள்ளை சாப்பிடுகிறாள், தகப்பனோடு சண்டை பிடிக்கிறாள், இனி வியாழனுக்குப் பயமில்லை.

ஒருதரம் கேட்டுச் சாகவில்லை என்று கண்டதால் இரண்டாவதையும் கேட்கலாம் என்று நினைத்தேன். எழுபத்தோராம் ஆண்டு, ஐப்பசி, வெள்ளிக்கிழமை பின்னேரம், மழை. நீ எட்டாம் வகுப்பு, நீலக் காற்சட்டை, பின்பக்கம் கொம்மா தன் கையால் ஒட்டுப் போட்டது. இதே கணக்குத்தான். பதினாலு என்றாய். இருபது என்று சொல்லித் திரும்பச் செய்யச் சொன்னேன், ரீச்சர் இப்பிடித்தான் சொல்லித் தந்தவ என்றாய். இடது கன்னத்தில் அறைந்தேன், கொப்பியைத் தூக்கி மழைக்குள் எறிந்தேன். நீ அழவில்லை, பதினாலுதான் அப்பு என்று மட்டும் சொன்னாய். அன்றைக்குப் பிறகு எனக்கு முன்னால் நீ ஒரு கொப்பியும் திறந்ததில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நீ கப்பலுக்குப் போனதற்கு அந்த அறைதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை, உன் சோம்பலுக்கும் பங்கு உண்டு. ஆனால் நீ சொன்னது சரி, நான் அடித்தது பிழை. இருபத்தாறு வருசம் பிழை.

உன் பிள்ளைகள் கணக்குச் செய்யும்போது பக்கத்தில் போகாதே, போனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போ. இந்தக் கடிதம் கிடைத்ததும் தர்சனாவுக்கு ஒரு போன் எடு. என்னோடு கதைக்கும்போது இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே, கேட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவேன். மாதா உன்னையும் உன் வீட்டையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், மருமகளின் கைக்கு வலு கொடுக்கட்டும், உனக்குப் பொறுமை கொடுக்கட்டும். வழமையாகக் கடிதத்தின் அடியில் பெருவிரல் வைப்பேன். இம்முறை மை வேண்டாம் என்றேன். யோசப்பினின் பேனையை வாங்கி என் கையாலேயே எழுதியிருக்கிறேன், கோணலாக இருந்தாலும் வாசித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பு கிறிகோரி

14