தாய்மாமன் கேட்ட ஒரே கேள்வி

வாலிகண்டபுரம்
20-4-1983

அன்புள்ள மாமாவுக்கு, செல்வம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் நம் பயல் குழந்தைவேலும் சுகம். மேல்பல் இரண்டு முளைத்துவிட்டது. கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். உங்கள் கடிதத்தின் ஒரு மூலையும் அவன் வயிற்றில்தான் இருக்கிறது.

மிச்சத்தைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. காதுகுத்துக்கு வரமாட்டீர்களாம், நாங்களே நடத்திக்கொள்ள வேண்டுமாம். தை மாதம் வந்தபோது உங்கள் சட்டை வாடையை வைத்து அண்ணன் உங்களைக் குடிகாரன் என்றது தப்புதான். நீங்கள் பீர் கம்பெனி வேலையை விடும்வரை பிள்ளையை மடியில் வைக்கமாட்டேன், பிரசவத்துக்கு வந்த என்னையும் பெங்களூருக்கு அனுப்பமாட்டேன் என்றது அதைவிடத் தப்பு. தாய்மாமன் மடி இல்லாமல் எந்த ஊரில் காது குத்துகிறார்கள்? அதற்காகப் பெற்றவர் ஒளிந்துகொள்வதா?

போன ஞாயிற்றுக்கிழமை பயலைத் தூக்கிக்கொண்டு பாடாலூருக்கு பஸ் ஏறி, அண்ணனுடைய லாரி பட்டறைக்கே போய் நின்றேன். சிங்காரவேலு அண்ணனுக்கு எப்போதும் தலை இஞ்சினுக்குள்தானே. நிமிராமலே, மாப்ள அந்த வேலய வுட்டுட்டாரா என்று கேட்டார்.

அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சோறு போடும்போதெல்லாம் நீங்கள் தகடு, ரப்பர் என்று பேசிப் பேசி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டதே. காய்ச்சிய தானியச் சாறு தகட்டின் ஒரு பக்கம் கொதிக்கக் கொதிக்க ஓடும், மறுபக்கம் குளிர்ந்த தண்ணீர் ஓடும், ஒன்றோடு ஒன்று கலக்காமலே சூடு இறங்கும், அந்தத் தகடுகளைப் பிரித்துக் கசடு கழுவுவதுதான் உங்கள் வேலை, அந்த இடத்தில் சாறு இன்னும் பீரே ஆகவில்லை, சட்டையில் வீசுவதும் அந்தச் சாறுதான் என்றேன். இது நம்ம ரேடியேட்டரு மாதிரில்ல இருக்குது என்று அண்ணன் அப்போதுதான் நிமிர்ந்தார்.

பிறகு ஒரே கேள்வி கேட்டார். கழுவி அடுக்குன பொறவு மாப்ள போல்ட்ட எப்புடி முறுக்குவாரு என்று. ஒரே பக்கமாக இறுக்கினால் தகடுகளுக்கு நடுவே இருக்கும் ரப்பர் பிதுங்கிச் சாற்றில் தண்ணீர் கலந்துவிடும், அதனால் இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித்தான் முறுக்குவார் என்றேன். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு பயலை என்னிடமிருந்து வாங்கினார். குடிச்சுப்புட்டு அப்புடி முறுக்க முடியாது புள்ள என்றார்.

மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது, நீங்களும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வைகாசி பத்தாம் தேதி சிவன் கோயிலில் பயலை மடியில் வைக்கப்போவது அவர்தான். கம்மலுக்கும் சொல்லிவிட்டார்.

ஆகவே வீம்பை விட்டுவிட்டு, லீவு கேட்டுக்கொண்டு முதல் நாளே வந்து சேருங்கள். பட்டறைக்குக் கூப்பிட்டால் போய்வாருங்கள், ரேடியேட்டர் கழுவவும் சொல்வார். உங்களைப் பார்க்காமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை மாமா. அண்ணனிடமோ அம்மாவிடமோ நான் இன்னும் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. பெட்டி கட்டியாகிவிட்டது. திரும்பும்போது மூன்று பேராகத்தான் பஸ் ஏறுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் செல்வம்மாள்