கடல் மேல் போட்ட பழி

2009 ஆவணி, ஞாயிறு இரவு.

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. சுனாமிக்குப் பிறகு என் நெஞ்சு திடீர் திடீரென்று படபடக்கும், வியர்த்துக் கொட்டும். கடல் பயம் என்று கணவர் மந்திரித்த நூல் கட்டுவித்தார்; கடலோரப் பெரியகல்லாற்றை விட்டு, கடலுக்குத் தள்ளியிருக்கும் செங்கலடிக்கும் குடி கூட்டிப் போனார். கடைசியில் பார்த்தால், சிறுநீரகத்தின் மேலிருந்த ஒரு கட்டி ஹோர்மோனைச் சுரந்து இதயத்தை விரட்டியிருக்கிறது. குளிசையால் பிரஷரை இறக்கிவிட்டு, கட்டியை வெட்டி எடுத்தார்கள். அதனால் வீங்கியிருந்த இதயமும் தேறிவிட்டது.

இன்று பழைய கடற்கரைக்குப் போனோம். அவர் என் நாடியை எண்ணினார்.

"எழுபத்திரெண்டு. பயமா இல்லையா புள்ள?"

"இல்ல. உங்கட கையத் தாங்க பாப்பம்."

அவர் நாடியை எண்ண முடியவில்லை, அவ்வளவு ஓட்டம். இத்தனை வருடமும் மனிசன் என் பெயரில் பயந்திருக்கிறார்.