ஒன்பதாம் அறையின் மாற்றுச் சாவி

பிரிக்பீல்ட்ஸ், 7.4.1943

அன்புள்ள அமீனாவுக்கு சலாம்.

வேலை உறுதியாகிவிட்டது. பீர் முகம்மது ராவுத்தரே இன்று காலை சொன்னார். அவருடைய கடைவீடுகளுக்கும் மாடி அறைகளுக்கும் இனி நான் மேனேஜர். கிள்ளானில் ஜவுளிக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவனுக்கு வீடு பார்க்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் இங்கே மிச்சமில்லை.

எனக்கு முன்பு இந்த வேலையைப் பார்த்த சபாபதி செலாயாங்கில் மரவள்ளி போடப் போய்விட்டார். அவர் கிளம்பும்போது அறைச் சாவிகளைக் கேட்டேன். "நான் வச்சுக்கிறதில்ல லா, தம்பி. பூட்டு அவங்களோடது" என்றார். ஒரு மேனேஜர் இப்படியா இருப்பது? எல்லா அறைக்கும் மாற்றுச் சாவி அடித்து, எண் போட்டு, ஒரே வளையத்தில் கோத்துவிட்டேன். ஒன்பதாம் அறை ரமணிதான் தயங்கினாள். அவள் கணவன் ஜெயராஜுக்கு ரயில்வேப் பட்டறையில் வேலை போய்விட்டது.

"எதுக்கு அண்ணே?"

"தீப்பிடிச்சா யார் திறக்கிறது?" என்றேன். சாவியைக் கொடுத்தாள்.

அறை ஏதும் காலியானால் எனக்குத் தருவதாக ராவுத்தர் சொல்லியிருக்கிறார். நோன்புக்கு முன் உன்னை அழைத்துக்கொள்வேன். இந்தக் கடிதம் லோரி ஓட்டும் தம்புசாமி கையில் வருகிறது.

உன் அய்யூப்

கிள்ளான், 19.4.1943

மச்சானுக்கு அமீனா சலாம் சொல்லி எழுதுவது.

அத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "பூட்டு அவனவனோடது, மாப்பிள்ளை வளையத்தத் தூக்கிக்கிட்டு நடப்பாராக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி நாம் ஒரே கூரையின் கீழ் இருந்தது எத்தனை மாதம்? அறை சிறியதானாலும் சரி. சன்னல் இருக்குமா என்று எழுதுங்கள்.

அமீனா

பிரிக்பீல்ட்ஸ், 22.6.1943

அன்புள்ள அமீனாவுக்கு,

அறை கிடைத்துவிட்டது. ராவுத்தர் நேற்று மாலை சொன்னார். ஒன்பதாம் எண். சன்னல் உண்டு, ரயில் போவது தெரியும்.

போன வாரம் ஜப்பானியர் ஆள் பிடிக்க வந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஜெயராஜையும் ஏற்றிவிட்டார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தும் தப்பவில்லை. மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவார்களாம். பேர் எழுதிக்கொள்ள அவர்களோடு வந்த கிராணி சொன்னது. ரமணி செந்தூலில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சுவருக்குச் சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்கிறேன்.

அய்யூப்

கிள்ளான், 1.7.1943

மச்சானுக்கு,

வெளியே பூட்டியிருந்தது என்கிறீர்கள். கதவை உடைத்தார்களா? இது ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

அமீனா

பிரிக்பீல்ட்ஸ், 9.7.1943

அமீனாவுக்கு,

உடைக்கவில்லை.

"இங்க யாரு மேனேஜர்?" என்று கிராணி கேட்டான். நான் முன்னால் போய் நின்றேன். இந்த வேலையில் ஒருவர் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல்முறை. பூட்டிய அறைகளைத் திறக்கச் சொன்னான். ரமணி பூட்டிவிட்டுக் கூடையோடு பாசாருக்குப் போனதை நானே பார்த்திருந்தேன். காலி அறை என்றுதான் திறந்தேன்.

ஆள் பிடிக்கும் நாளில் கணவனை உள்ளே வைத்து வெளியே பூட்டிப் போவது இந்த வரிசை முழுவதும் தெரிந்த பழக்கமாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எல்லார் சாவியையும் வைத்திருப்பவனிடம் எப்படிச் சொல்வார்கள்?

ஜெயராஜ் தரையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, "அதுக்குள்ள வந்துட்டியா?" என்றான்.

அய்யூப்

கிள்ளான், 16.7.1943

மச்சானுக்கு,

அந்த அறையில் நான் படுக்கமாட்டேன். சுண்ணாம்பு தேட வேண்டாம். ரமணியை அழைத்து வந்து இரண்டு சாவியையும் அவள் கையில் கொடுங்கள். ஜெயராஜ் அண்ணன் வந்து அந்தக் கதவைத் திறக்கும் நாளில் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன். அதுவரை எழுத வேண்டாம்.

அமீனா

பிரிக்பீல்ட்ஸ், 18.11.1945

அன்புள்ள அமீனாவுக்கு,

சண்டை முடிந்து, போனவர்களைத் திருப்பிக் கொண்டுவரும் சயாம் ரயில் நேற்று வந்தது. ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் அய்யாவு சொல்லி, நானும் போய்ப் பார்த்தேன். ஜெயராஜ் இறங்கவில்லை. காப்பார் ஊர்க்காரர் கார்த்திகேசு இறங்கினார். முதல் மழைக்காலத்தில் ஒரு முகாமில் ஜெயராஜைக் காய்ச்சலோடு பார்த்தாராம். பிறகு பார்க்கவில்லை என்றார்.

நீ சொன்னபடி இதுவரை எழுதாமல் இருந்தேன். சாவிகளையும் அவரவரிடம் கொடுத்துவிட்டேன். ரமணி ஒன்பதாம் அறைக்கே வந்துவிட்டாள். என்னோடு பேசுவதில்லை. ஒவ்வொரு ரயிலுக்கும் அறையைப் பூட்டிவிட்டுப் போகிறாள். நான் அவளுக்குப் பின்னால் தள்ளி நிற்கிறேன்.

நம் கல்யாணத்தை முறித்துக்கொள்ள உன் அத்தா ஜமாஅத்தில் பேசுவதாகத் தம்புசாமி சொன்னார். கையெழுத்துக் கேட்டால் போடுகிறேன். ஆனால் இன்னும் ஒரு ரயில் வர வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமை என்கிறார் அய்யாவு. அதுவரை பொறுக்கச் சொல்.

அய்யூப்