கிண்ணங்கள் பதித்த கூரை

மார்ச் 4, செவ்வாய்

இல்லை, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஒரு கிண்ணம். செல்வியக்கா கட்டும் வீட்டு வாசலில், மணல் மேட்டில் கிடந்தது. தளம் போட்ட அன்று மீந்தது. முதுகில் அப்பிய சிமெண்ட் காய்ந்து கெட்டியாக. எடுத்தேன். சிமெண்ட் தொப்பி மாதிரி கழன்று விழுந்தது. கிண்ணம் பளபளவென்று.

மேலே தளத்தில் இதே போல் தொண்ணூற்றாறு.

நான் படித்த புத்தகத்தில் இந்த முறைக்கு மண்சட்டி. தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை. அங்கே சட்டிகளைக் கவிழ்த்துப் பதித்தால் சிமெண்ட் குறையும், வீடும் குளுமை. சென்னையில் எம்.ஆர்க். கட்டடக்கலை ஆய்வுக்கு இதைத்தான் எடுத்தேன். எங்கள் விருத்தாசலத்தில் மண்சட்டி எதற்கு, கழித்துப் போட்ட பீங்கான் குவிந்து கிடக்கிறதே என்று நினைத்தது நான். செல்வியக்கா நம்பி வீட்டைக் கொடுத்தாள்.

மண்சட்டி சொரசொரப்பு. சிமெண்டை உறிஞ்சிப் பிடிக்கும். பீங்கானுக்குக் கண்ணாடிப் பூச்சு. பிடிக்க ஒன்றுமில்லை. கவிழ்த்தால் அகலமான வாய் கீழ்ப்பக்கம், நழுவி விழத் தடையில்லை. இந்த ஊரில் பிறந்தவள் இதை மறந்தேன்.

மார்ச் 5, புதன்

வெயில். காபி கசந்தது. கணக்கு மூன்று முறை. தளம் விழாது, கம்பி சரி. விழுந்தால் கிண்ணம் மட்டும். பத்தடி உயரத்திலிருந்து.

கீழே தூளி கட்டுவார்கள். அதற்காகத் தளத்தின் நடுவில் ஒரு கொக்கி வேண்டும் என்று செல்வியக்கா கேட்டு வாங்கியிருக்கிறாள். அவள் குழந்தைக்கு எட்டு மாதம்.

மார்ச் 6, வியாழன்

போனேன். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர். கீழே முட்டுகள், பலகைகள். எதுவும் தெரியவில்லை.

கோவிந்தன் மேஸ்திரி: "இன்னா மேடம், நெதமும் வந்து பாக்குறீங்க? தளம் எழுந்து ஓடிடுமா?"

செல்வியக்கா பீங்கான் கம்பெனியில் சாமான் தரம் பார்ப்பவள். "ஏளனமா இருக்குது எங்க ஆளுங்களுக்கு. நான் கழிச்சுப் போட்டதெல்லாம் என் வூட்டு மேலயே வந்து குந்திக்கிச்சாம்." சிரித்தாள்.

வாயைத் திறந்தேன். "டீ குடிக்கிறியா?" என்றாள். குடித்தேன். வந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் ஆய்வைப் பார்க்கும் பேராசிரியருக்குப் போன் செய்து சொன்னேன். அவர்: "வைவா முடியட்டும். அப்புறம் அடியில சிமெண்ட் பூசிடச் சொல்லுங்க."

பூசினால் தெரியாது. விழும்போது அதுவும் சேர்ந்து விழும்.

பயங்கள்:
குழந்தை.
செல்வியக்காவின் முகம்.
பட்டம். (மூன்றாவதாக எழுதியிருக்கிறேன். உண்மையில் எத்தனையாவது?)

மார்ச் 9, ஞாயிறு

காலையில் சென்ட்ரிங் பிரித்தார்கள். முட்டு முட்டாக. பலகை இறங்கியது. ஒன்றும் விழவில்லை. தொண்ணூற்றாறு வெள்ளை வாய்கள். அழகாக இருந்தது.

செல்வியக்கா குழந்தையோடு உள்ளே வந்தாள். அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா."

"அக்கா, வெளியே போங்க."

சொன்னேன். எல்லாவற்றையும். செவ்வாய்க்கிழமையே தெரியும் என்பதையும்.

மேஸ்திரி: "நான் அப்பவே சொன்னேன், எல்லாரும் போடுற மாதிரி போடுங்கன்னு. படிச்சவங்க கேட்டாத்தானே."

அவள் அவரைப் பார்க்கவில்லை. "அஞ்சு நாளாவா?" அவ்வளவுதான் கேட்டாள்.

குழந்தையை மேஸ்திரி கையில் திணித்து வாசலுக்கு அனுப்பினாள். ஸ்டூலில் ஏறினாள். மேஸ்திரியின் கொத்துக் கரண்டிக் காம்பால் ஒரு கிண்ணத்தைத் தட்டினாள். அடுத்தது. அடுத்தது. முகத்தைத் திருப்பிக் காதைக் கொடுத்து.

"கம்பெனியில கணீர்னு கேட்டா நல்ல சாமான். இங்க கணீர்னா ஒட்டலைன்னு அர்த்தம். சரியா?"

சரி. எனக்கு இது தோன்றவே இல்லை. அவள் தட்ட, நான் சாக்பீஸால் குறித்தேன். நாற்பத்தொன்று கணீரென்றன. கொக்கியைச் சுற்றி ஏழு.

"மீதி ஒட்டியிருக்குதா?"

"இன்னிக்கு ஒட்டியிருக்கு. நாலு வெயில், நாலு மழை போனா... தெரியாதுக்கா."

அண்ணாந்து கொக்கியைப் பார்த்தாள்.

"எடுத்துட்டா தளம் தாங்குமா?"

"தாங்கும். குழிகுழியா இருக்கும்."

"இருக்கட்டும். பல்லு போன கூரைன்னு சொல்லிக்கிறேன். எல்லாத்தையும் எடு. நீயே எடு."

மேஸ்திரியிடம் உளியும் சுத்தியலும் வாங்கினேன். தலையில் துணி சுற்றிக்கொண்டு, கொக்கியை ஒட்டிய கிண்ணத்திலிருந்து ஆரம்பித்தேன்.