அறுபத்தைந்து வாட்

ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறினால், கடையின் உள்பக்கம் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று இன்னும் ஒரு கணம் நினைத்துவிடுகிறேன் மச்சான். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை காலையும் அப்படித்தான். ஒரு பிராசசரின் தலையில் அப்பியிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்டை ஸ்பிரிட் தொட்ட டிஷ்யூவால் துடைத்துக்கொண்டே, "அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு" என்று திரும்பாமல் கையை நீட்டினேன். நீட்டிய கையை நானே மடக்கிக்கொண்டேன்.

துடைத்துக்கொண்டிருந்தது உன் மகளுடைய கணினி. நஸ்ரினுக்கு நான் அதை அசெம்பிள் செய்து கொடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. செம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில், மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

"அங்கிள், பாக்ஸ்ல வேகம் நாலு புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. வீடியோ ரெண்டரிங் ஆரம்பிச்சா மூணைத் தாண்ட மாட்டேங்குது."

கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோல வீடியோ செய்து கொடுக்கிறாள் இப்போது. கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பிடித்திருக்கும் முதல் ஆர்டர் இது. சனிக்கிழமை கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் மறுபடியும் காலையில் வேளச்சேரி பஸ்ஸில் தொங்க வேண்டியதுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு உன்னுடையது. அதனால் அது வெறும் சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"மெஷினை வச்சுட்டுப் போம்மா, பார்த்துடலாம்" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் முகத்தை நேராகப் பார்ப்பது எனக்கு ஒன்றரை வருஷமாகவே கஷ்டம். அவளிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அது உனக்காகச் சொன்ன பொய். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பிராசசர் கதை. பெட்டியில் போட்டிருப்பது பிராசசருக்குள் இருக்கும் கோர்களில் ஒன்று மட்டும் ஓடும்போது தொடுகிற உச்சம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எல்லாக் கோரும் சேர்ந்து ஓடினாலும் நாலுக்கு மேலாவது நிற்க வேண்டும். இது மூன்றிலேயே உட்கார்ந்திருந்தது. நம் கடையில் பதினாறு வருஷமும் வேலை எப்படிப் பிரிந்திருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்க்ரூ, ஃபேன், வயர், கஸ்டமர் எல்லாம் நான். திரைக்குள்ளே நடப்பதெல்லாம் நீ. எனவே எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கூலர் சரியாக உட்காரவில்லையோ என்று கழற்றிப் பேஸ்ட் மாற்றிப் போட்டேன். அதே மூன்று. பிராசசருக்குப் போகும் மின் இணைப்பைப் பிடுங்கி மறுபடி செருகினேன். அதே மூன்று. விண்டோஸில் மின்சேமிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். எதுவும் இல்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், நமக்குச் சரக்குக் கொடுக்கும் டீலருக்குப் போன் போட்டேன்.

நான் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். பழைய சிப்பைப் புதுப் பெட்டியில் போட்டுத் தள்ளுகிறீர்களா, இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இதுதான் மரியாதையா என்றெல்லாம் கத்தினேன். மனுஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"சூடு எவ்ளோ காட்டுது சார்?"

"ஐம்பத்தெட்டு."

"ஃபுல் லோடுல ஐம்பத்தெட்டா? இன்னா சார் நீங்க. அதுக்கு இன்னும் மூச்சே வாங்கல. யாரோ கடிவாளம் போட்டு வச்சிகினு கீறாங்க. பயாஸை தொறந்து பாருங்க."

கணினியை ஆன் செய்தவுடன் ஒரு பொத்தானை அமுக்கினால் வருமே, எல்லாவற்றுக்கும் அடிப்படையான அந்த அமைப்புத் திரை, அது உன் ராஜ்யம். நான் அங்கே அதிகம் போனதில்லை. போய்த் தேடினேன். நாலாவது பக்கத்தில், பிராசசருக்கு எவ்வளவு மின்சாரம் விடலாம் என்கிற இடத்தில், 65 என்று இருந்தது. மதர்போர்டு கம்பெனி வைத்து அனுப்புவது அதைப்போல கிட்டத்தட்ட இரண்டு பங்கு. அறுபத்தைந்து வாட்டை அங்கே வைத்தது யார் என்று எனக்கு உடனே புரிந்தது. என் சட்டைப் பையிலேயே இருந்தது அத்தாட்சி.

உன் பச்சை பென் டிரைவ். போர்டுகளுக்கான உன் செட்டிங்கை அதில் சேமித்து வைத்திருந்தாய். நீ போன பிறகும் நான் அதே மாடல் போர்டைத்தான் வாங்குகிறேன். ஒவ்வொரு புதுக் கணினிக்கும் அந்தப் பென் டிரைவைச் செருகி, உன் செட்டிங்கை ஏற்றிவிட்டுத்தான் மூடியைப் பூட்டுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. சிலர் கடை திறந்ததும் ஊதுபத்தி ஏற்றுவார்கள், நான் இதைச் செய்தேன். டீலரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வுடுங்க சார்" என்றார்.

எனக்கு வந்த கோபமெல்லாம் உன் மேல்தான். கீழ்க்கட்டளையிலிருந்து வந்த அந்தக் கஸ்டமர் ஞாபகம் இருக்கிறதா? விலை கூடின பிராசசர் வாங்கிப் போய், அவர் பையன் சோதித்துப் பார்த்து வேகம் குறைகிறது என்று சொல்ல, கடை வாசலில் நின்று போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்கும்படி நம்மைத் திருடர்கள் என்றாரே. அன்றைக்குத்தான் நீ ஒப்புக்கொண்டாய், ஏசி இல்லாத வீட்டுக்குப் போகும் கணினிக்கெல்லாம் நீயே மின்சாரத்தைக் குறைத்து வைத்து அனுப்புகிறாய் என்று.

"சொல்லிட்டுச் செய்டா" என்றேன்.

"சொன்னா வேணாம்பாங்க. அப்புறம் மே மாசம் எரிஞ்சு போச்சுன்னு தூக்கிக்கினு வருவாங்க. எதுக்கு? நம்மளே பார்த்து வச்சுட்டா அவங்க நிம்மதியா இருப்பாங்க."

"இனிமே சொல்லாம செய்யக் கூடாது."

"சரிடா, விடு" என்றாய்.

உன் 'சரிடா, விடு'வை நம்பிய முட்டாள் நான். நீ நிறுத்தவே இல்லை. என்னிடம் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாய். நீ போன பிறகு, எதையென்று தெரியாமலே, உனக்குப் பதிலாக நான் அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

சொன்னால் வருத்தப்படுவார்கள், சொல்லாமல் நாமே பார்த்துக்கொள்ளலாம். இதைத்தானே தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் பாதிப் படியிலும் சொன்னாய். ஏறிக்கொண்டிருந்தவன் சட்டென்று உட்கார்ந்துவிட்டாய். ஜனம் நம்மைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனது. நெஞ்சு இறுக்குகிறது என்றாய். டாக்டர் உடனே ஆஞ்சியோ பார்க்கச் சொல்லி இரண்டு நாள் ஆகிவிட்டது என்பதையும் அப்போதுதான் சொன்னாய்.

"நஸ்ரினுக்குக் கடைசி செமஸ்டர்டா. முடிஞ்ச உடனே பார்த்துக்கலாம். வூட்ல சொல்லிடாத."

நான் சரி என்றேன். மூன்றாவது வாரம் உன்னைக் கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோனோம். திரும்பி வந்ததும் உன் வீட்டு வாசலில் நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அங்கிள், அத்தா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? உடம்பு முடியலன்னு எதாவது?" நான் "இல்லம்மா" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எந்தப் பதிலும் சொன்னதில்லை.

புதன்கிழமை, அறுபத்தைந்தை எடுத்துவிட்டு, போர்டு கம்பெனி வைத்த பழைய அளவையே விட்டு, கணினியை நானே செம்பாக்கத்துக்கு எடுத்துப் போனேன். மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட அறைதான் அவளுடைய ஆபீஸ். பிற்பகல் மூன்று மணி. உள்ளே போனதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு வியர்வை. ஏசி ஏன் போடவில்லை என்று கேட்டேன். ஷீட் கூரைக்கு ஏசி போட்டு என்ன பிரயோஜனம் அங்கிள் என்றாள்.

வேலையைப் போட்டாள். நாலு புள்ளி இரண்டு. "சூப்பர் அங்கிள்" என்றாள். நானும் பெரிய வித்தை காட்டியவன்போல நாற்காலியில் சாய்ந்தேன். ஏழாவது நிமிஷம் சூடு நூறைத் தொட்டது. வேகம் இரண்டரைக்கு விழுந்தது, ஏறியது, மறுபடி விழுந்தது. ஃபேன் போட்ட இரைச்சலில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. இருபதாவது நிமிஷம் திரை அப்படியே நின்றுவிட்டது. அதுவரை செய்த வேலையும் போச்சு.

நஸ்ரின் எழுந்து போய்ச் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த காலண்டரை நகர்த்திச் சுவரைப் பார்த்தாள்.

"அத்தா இங்கதான் ஒரு மெஷினை வச்சு மத்தியானம் முழுக்க ஓட்டிட்டே இருப்பாரு. என்னமோ எழுதுவாரு. நான் கடைக் கணக்குன்னு நினைச்சேன்."

சுவரில் உன் பென்சில் எழுத்து, இந்தப் பக்கம் வாட், எதிரில் சூடு. 125 என்று எழுதி எதிரில் 100, அடித்திருந்தாய். 95க்கு எதிரில் 93. 80க்கு 85. 65க்கு 74, அதன் பக்கத்தில் ஒரு டிக். நம் கஸ்டமர்களில் பாதிப்பேர் இருக்கும் அறை இப்படிப்பட்டதுதான். அதற்காக இந்தத் தகரத்துக்குக் கீழே எத்தனை மத்தியானம் வெந்திருக்கிறாய் என்று பார்த்தபோது, செவ்வாய்க்கிழமை வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. உன்னை அங்கேயே கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறைத்து வைத்தது நீ, பார்க்காமல் ஏற்றியது நான் என்று. அவள் சுவரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இதுல எண்பதுக்கு எண்பத்தஞ்சு டிகிரிதானே வருது? அது ஓகேதானே?"

"தாராளமா தாங்கும்."

"அப்போ எண்பது போடுங்க. மெஷின் மூடியைத் தொறந்து டேபிள் ஃபேனை உள்ள காட்டி வச்சுக்கிறேன். சனிக்கிழமைக்குள்ள முடிஞ்சுடும்."

எண்பது போட்டேன். மூன்றரையில் ஏறி நின்றது, ஆடாமல். உன் அறுபத்தைந்தும் இல்லை, கம்பெனி சொன்னதும் இல்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவள் இரண்டு நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டாள் மச்சான். நீ அவளிடம் சொல்லியிருந்தால் போதும்.

"இவ்ளோ கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சவரு, ஏன் அங்கிள் யார்கிட்டயும் சொல்லல?" என்றாள்.

"சொன்னா வேணாம்பாங்கன்னு நினைச்சான்."

"எல்லாத்துலயும் அப்படித்தான் அத்தா."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். என்னால்தான் அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. நடைமேம்பாலத்தைச் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நீ என்னிடம் வாங்கிய சரியைச் சொன்னேன். வாசலில் அவளிடம் இல்லம்மா என்றது பொய் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் யாரோ பேசுவதுபோல இருந்தது.

"எவ்ளோ நாள் முன்னாடி?"

"மூணு வாரம்."

டேபிள் ஃபேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கணினியைப் பார்க்க வைத்து, திரும்பாமல் நிற்கத் தலைப் பொத்தானை இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள்.

"சொல்லியிருந்தா ஒரு நாலு பேப்பர் அரியர் விழுந்திருக்கும். அவ்ளோதானே அங்கிள்."

டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள், சர்க்கரை இல்லாமல். எனக்குச் சர்க்கரை வந்தது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை முதல் கடையில் ஒரு வேலை கூடியிருக்கிறது. உன் பென் டிரைவ் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆனால் ஏற்றுவதற்கு முன் கஸ்டமரை உட்கார வைத்து, உங்கள் அறை எப்படி, மத்தியானம் ஓட்டுவீர்களா என்று கேட்கிறேன். எவ்வளவு குறைத்தால் என்ன வேகம், என்ன சூடு என்று சொல்கிறேன். அவர்கள் சொல்வதை ஒரு ஸ்டிக்கரில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுகிறேன். நீ பயந்தபடி வேண்டாம் என்று சொன்னவர் இதுவரை ஒருவர்தான். அவர் வீட்டில் ஏசி இருக்கிறது. பழைய கஸ்டமர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்துகொண்டிருக்கிறேன். கீழ்க்கட்டளைக்காரர் நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "அப்பவே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் நஸ்ரின் போன் செய்தாள்.

"முடிஞ்சுது அங்கிள். அனுப்பிட்டேன். அடுத்த வீடும் தரேன்னுட்டாங்க."

நல்லது என்றேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நாளைக்கு மத்தியானம் சாப்பிட வாங்க. அம்மா இன்னும் தான்தான் அத்தாவைக் கவனிக்காம விட்டுட்டோம்னு சொல்லிட்டே இருக்காங்க. அத்தா உங்ககிட்ட சொன்னதை அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன் அங்கிள். நீங்கதான் சொல்லணும்."

இதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை காலை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன். உன் வீட்டில் என்னை என்ன சொல்வார்களோ தெரியாது. வெளியே போ என்றாலும் போய்விட்டுத்தான் வர வேண்டும். அந்தப் படியில் உனக்கு ஒரு சரி சொன்னேன் மச்சான். இன்று அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.