கெத்சியாள் சொல்ல மறுத்த வார்த்தை

காரைக்குடி,
4 நவம்பர் 2025

என் செல்ல மகள் கெத்சியாளுக்கு,

அப்பா எழுதுவது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. நான் மதுரை வண்டி எடுக்க டெப்போவுக்குக் கிளம்பும்போது நீ தூங்குகிறாய். திரும்பி வந்தால் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்கிறாய். மீறிப் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. "எழுதியாவது பேசுங்க, இந்தச் சத்தத்தை என்னால கேக்க முடியல" என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் இதை உன் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன்.

இருபத்து மூன்றாம் தேதி பேராயர் வருகிறார். உன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் சபைக்கு முன்னால் விசுவாச அறிக்கை சொல்லி, திடப்படுத்தல் பெற்று, முதல்முறையாகத் திருவிருந்தின் அப்பத்துக்கும் ரசத்துக்கும் கை நீட்டப் போகிறார்கள். உனக்கு வெள்ளைப் பாவாடை தாவணி தைத்தாயிற்று. சிவகங்கையிலிருந்து பெரியம்மா குடும்பம் வருகிறது. இந்த நேரத்தில் "என் பேரை எடுத்துருங்க" என்று ஒற்றை வரியில் சொன்னால் நான் என்ன நினைப்பது? தொட்டில் பிள்ளையாக இருந்தபோதே உன்னை மடியில் வைத்துக்கொண்டு குடும்ப ஜெபம் செய்தவன் நான். எங்கே குறை வைத்தேன், சொல்.

"என் வீட்டுல இருக்கிறவரைக்கும் நான் சொல்றதுதான்" என்று கத்தியது உனக்கு வலித்திருக்கும். எனக்கும் வலிக்கிறது.

முத்தங்களுடன்,
அப்பா பாக்கியநாதன்


6 நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் குறை எதுவும் வைக்கவில்லை.

போன சனிக்கிழமை திடப்படுத்தல் வகுப்பில் நியாயத்தீர்ப்பு பற்றிப் பாடம். இயேசுவை ஏற்றுக்கொள்ளாமல் இறந்தவர்களுக்கு நரகம்தான் என்று சார் சொன்னார். நான் எழுந்து, "எங்க பக்கத்து வீட்டு அத்தைக்குமா சார்?" என்று கேட்டேன். "அவுக யாரா இருந்தாலும் அதுதாம்மா. உக்காரு" என்றார். எல்லாரும் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள்.

அப்பா, அனுசுயா அத்தை இந்தச் சித்திரையில்தான் இறந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வரும்வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டது அவர்கள். தங்கள் மகள் ரேணுகாவுக்கும் எனக்கும் ஒரே கிண்ணத்தில் பிசைந்து ஊட்டுவார்கள். நான் வயதுக்கு வந்த அன்று நீங்கள் மதுரையில், அம்மா டூட்டியில். பயந்து அழுதவளை மடியில் போட்டுக்கொண்டு, "இதுக்குப் போயி அழுவாகளா? நான் இருக்கேன்ல" என்றது அத்தைதான்.

அவர்கள் நரகத்தில் இருக்கிறார்கள் என்பதை நான் நம்பவில்லை. அப்படியிருக்க, கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் விசுவாசிக்கிறேன் என்று பேராயர் முன்னால் எப்படிச் சொல்வது? பீடத்துக்கு முன் நின்று பொய் சொல்லவா? ஆண்டவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜெபித்துவிட்டுத்தான் படுக்கிறேன். அந்த வார்த்தை மட்டும் வரவில்லை.

உங்கள் மகள்,
கெத்சியாள்


9 நவம்பர்

அன்பு மகளே,

உன் கடிதத்தை மாட்டுத்தாவணியில் வண்டியை நிறுத்திவிட்டு வாசித்தேன். "என்னண்ணே, வீட்டுல எதுவும் பிரச்சினையா?" என்று கண்டக்டர் சேவுகப்பெருமாள் கேட்கிற அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது.

அனுசுயா எனக்கும் தங்கை மாதிரிதான். அவளைத் தூக்கிப் போனபோது நான் அழுததை நீ பார்த்தாய். ஆனாலும் கெத்சி, உனக்குப் பதினாலு வயது. பெரியவர்களுக்கே பிடிபடாத காரியம் இது. அன்றைக்குச் சொல்கிற பிள்ளைகள் எல்லாம் முழுசாகப் புரிந்துகொண்டா சொல்கிறார்கள்? முதலில் வாய் சொல்லும், மனசு மெல்ல வந்து சேரும். நான் அப்படித்தான் வந்தேன்.

சபைக் கமிட்டியில் இருக்கிறவன் மகளே வரவில்லை என்றால் நாலு பேர் வாயை யார் மூடுவது? அம்மா கோயிலுக்குள் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா? எனக்காக, இந்த ஒரு தடவை எல்லாரோடும் நின்றுவிடு கண்ணு.

அப்பா


10 நவம்பர்

அப்பாவுக்கு,

எனக்காகச் செய் என்று நீங்கள் இதுவரை எதையும் கேட்டதில்லை. அதனால் நிற்கிறேன். வார்த்தைகளையும் சொல்கிறேன், மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அது உங்களுக்குச் சொன்னதாக இருக்கும். ஆண்டவருக்குச் சொன்னதாக இருக்காது. உங்களுக்கு அது போதுமா? போதும் என்றால் சொல்லுங்கள். ஜாக்கெட் இறுக்கமாக இருக்கிறது, டெய்லரிடம் பிரிக்கக் கொடுக்க வேண்டும்.

கெத்சியாள்


16 நவம்பர்

அன்புக் கெத்சிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. "போதும்" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

இன்று ஆராதனை முடிந்ததும் நம் சபைப் போதகர் ஐயரைப் பார்த்து, உன் பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

"ஏன், பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கா ஐயா. மனசறிஞ்சு சொல்ற அன்னைக்குச் சொல்லட்டும்."

"சபையில நாலு பேரு கேப்பாகளே."

"என்கிட்டக் கேக்கட்டும்."

பட்டியலை எடுத்து உன் பெயரை அடித்தார். பிறகு, "கோயிலுக்கே வரவேணாம்னு மட்டும் பிள்ளைகிட்டச் சொல்லிறாதீக" என்றார். அவரிடமிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை.

அனுசுயா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உனக்கு எழுதவும் முடியாது. இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் நம் சபையில் இல்லை. ஆனாலும் விடியக்காலையில் வண்டி கோவிலூரைத் தாண்டும்போது அவள் பெயர் என் வாயில் வந்துவிடுகிறது. ஆண்டவர் என்னைத் திருத்துவதானால் திருத்தட்டும்.

பெரியம்மாவிடம் அம்மாவே போனில் சொல்லிவிட்டாள். திட்டு முழுக்க அவளுக்குத்தான். "அப்பனும் மகளும் எழுதி எழுதியே தீத்துக்கிறீக, எனக்கு ஒரு வரி எழுத ஆளில்ல" என்கிறாள். அவளுக்கும் ஒன்று எழுது.

ஞாயிற்றுக்கிழமை எங்களோடு கோயிலுக்கு மட்டும் வா.

உன் அப்பா


24 நவம்பர்

அன்பு அப்பாவுக்கு,

நேற்று நடந்ததைப் பற்றி நாம் இருவரும் பேசவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நீல சுடிதார் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். வெள்ளை உடுப்பில் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பின் பெஞ்சு டீச்சர், "ஏம்மா, உன் பேரைக் காணோம்?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா திரும்பி, "அவ இன்னும் யோசிச்சிட்டு இருக்கா டீச்சர்" என்றாள். அவ்வளவுதான், டீச்சர் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அதுவரை அழாமல் இருந்துவிட்டேன். திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தபோதுதான் முடியவில்லை. அம்மாவும் போய்விட்டாள். பெஞ்சில் நான் மட்டும். எப்போதும் ஆண்கள் பக்கத்தில் முதல் ஆளாகப் போகிற நீங்கள், முன்னால் போகாமல் நடுவழியைக் கடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "போங்கப்பா" என்றேன். "இருக்கட்டும்" என்றீர்கள். கடைசி ஆள் திரும்பும்வரை என் கையை விடவில்லை. எல்லாரும் நம்மைப் பார்த்தார்கள். நீங்கள் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது அப்பா. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் அந்தப் பார்வைதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. எனக்காக நீங்கள் திருவிருந்தை விட வேண்டாம். என்றைக்குச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. சொல்லாமலே போனாலும் போகலாம். அதுவரை நீங்கள் பட்டினி கிடப்பதை என்னால் பார்க்க முடியாது.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மறுபடி திருவிருந்து இருக்கிறது. நீங்கள் எழுந்து போங்கள். நான் பெஞ்சில்தான் இருப்பேன். வாங்கிக்கொண்டு வாருங்கள், பக்கத்தில் உங்களுக்கு இடம் போட்டு வைத்திருப்பேன்.

உங்கள்
கெத்சி