கடைசியில் நிற்கிற பிள்ளை

ஜூன் 3, திங்கள்

ஹட்டனில் இரண்டு நாள் பயிற்சி முடிந்து வந்தேன். தலைக்குள் ஒரே குழப்பம். ஆறு வருஷமாக இந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். "சப்பாத்தைக் கழற்றாதே, வெறுங்காலோடு நடக்காதே, பூச்சி வரும், சளி பிடிக்கும்" என்று கத்திக் கத்தியே தொண்டை போய்விட்டது. இப்போது கொழும்பிலிருந்து வந்த மிஸ் சொல்கிறார்: சப்பாத்தைக் கழற்றுங்கள், பாதத்தால் விளையாட விடுங்கள், கால் தொடத் தொடத்தான் மூளை வளரும் என்று. அப்படியானால் இத்தனை வருஷம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

எங்களையும் மணலில் நிற்க வைத்தார்கள். முப்பத்து நாலு வயதில் கால்விரலால் பென்சில் தூக்கினேன். வெட்கமாக இருந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவும் இருந்தது.

ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு தாள், ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். மாதக் கடைசியில் நிரப்பி அனுப்ப வேண்டும்.

ஜூன் 5, புதன்

ஆறு பேசின் வைத்தேன். மணல், சல்லிக்கல், பச்சைத் தேயிலைக் கொழுந்து, வெந்நீர், மலைக்குழாயில் வரும் ஜில்லென்ற பீலித் தண்ணீர், ஈரச் சாக்கு. பதினொரு பிள்ளைகளும் வரிசையாக இறங்கி ஏறினார்கள். பீலித் தண்ணீரில் கால் வைத்ததும் ஒவ்வொன்றும் போட்ட கூச்சல் ஃபெக்டரி வரைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு காலில் சாயம் பூசிப் பழைய தாளில் நடக்க விட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மதுரன் ஒரு எட்டு வைத்தான், குனிந்தான், தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அடுத்த எட்டுக்கும் அப்படியே. அவனைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும்! கடைசியில் பதினொரு முகமும் சிவப்பும் பச்சையுமாக நின்றது. யாரைத் திட்டுவது? தாளில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடு என்று சொல்லிக் கொடுத்ததே நான்தானே.

வரிசையில் கடைசி, வழக்கம் போல என் மகள் தனுஷிகா. பாலும் கடைசி, பழமும் கடைசி, ஊஞ்சலும் கடைசி. டீச்சர் தன் பிள்ளைக்கு முதலில் கொடுத்தாள் என்று ஒரு வாய் பேசக்கூடாது. பிள்ளைக்காம்பராவுக்குள் அவளும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். நாலு வயதில் அதை ஒழுங்காகச் செய்கிறாள், பாவம்.

சாயந்தரம் மதுரனின் அம்மா லோஜினி மலையிலிருந்து இறங்கி வந்து, மகன் முகத்தைப் பார்த்தார். "ஏன் டீச்சர், நாங்க கஷ்டப்பட்டு சப்பாத்து வாங்கிப் போட்டு அனுப்புறோம், நீங்க கழட்டி வைக்கிறீங்களா? ஒரு கொழுந்து கீழ விழுந்தாலும் நாங்க குனிஞ்சு பொறுக்குறோம், அத மிதிக்க வேற வைக்கிறீங்க!" அவர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது.

ஜூன் 7, வெள்ளி

மழை. இருபத்திரண்டு பாதம் கழுவித் துடைத்தேன். வேறு எழுதத் தெம்பில்லை.

ஜூன் 12, புதன்

இன்று கண்ணைக் கட்டி விளையாட்டு. பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, முதலில் இடது காலை ஆறு பேசினிலும் வைத்து, என்னவென்று கேட்க வேண்டும். பிறகு வலது காலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பேசின்களை இடம் மாற்ற வேண்டும் என்று தாளில் போட்டிருக்கிறது. ஒற்றை ஆளாகப் பதினொரு முறை மாற்றினால் என் இடுப்பு என்னாவது? அப்படியே விட்டுவிட்டேன்.

மதுரன் கொழுந்தைச் சாக்கு என்றான். இன்னொருத்தி மணலைச் சோறு என்றாள். தனு கடைசியாக உட்கார்ந்தாள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஒன்றுகூடப் பிழையில்லை. எனக்குள் ஒரு பெருமை. இல்லை என்று சொன்னால் நான் எழுதுகிற இந்தக் கொப்பிக்கே அடுக்காது.

வாசலில் நின்ற லோஜினி சும்மா போனாரா? "டீச்சரம்மா மகளுக்கு வீட்டுலயே சொல்லிக் குடுத்திருப்பாங்க." பிள்ளைகளை அழைத்துப்போக வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவருக்கு என்மேல் பழைய கோபம். போன வருஷம், மதுரன் ஒற்றைக்காலில் நிற்கவில்லை என்று டாக்டரிடம் அனுப்பினேன். அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். "எம்புள்ளைய நொண்டின்னு எழுதிட்டாங்க" என்று இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

தலவாக்கலைக்குப் போய்த் தனுவுக்குச் சப்பாத்து வாங்கினோம். சப்பாத்துக் கடை ஹசன் நானா அவள் காலைப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, புள்ளட கால் ரெண்டும் ஒரே அளவில்லையே. எடது கால் கொஞ்சம் சின்னன்" என்றார். எல்லோருக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்? வலது காலுக்குச் சரியானதை எடுத்து, இடதுக்குப் பஞ்சு வைத்தேன்.

ஜூன் 19, புதன்

குளிக்க வைக்கும்போது பார்த்தால் இடது காலில் சொக்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உரித்தால் குதிகாலில் இவ்வளவு பெரிய புண். பஞ்சு நகர்ந்து சப்பாத்து கடித்திருக்கிறது. நாள் முழுக்க இதோடுதான் ஓடியிருக்கிறாள்.

"வலிக்கலையாடி?"

"இல்லையே."

ஃபெக்டரியிலிருந்து வந்த இவர் பார்த்துவிட்டு, "எம்மவ சிங்கக்குட்டி, அட்டை கடிச்சாக்கூட அழ மாட்டா" என்று தூக்கிக் கொஞ்சினார். நானும் சிரித்தேன். ஆனால் மருந்து போடும்போது நான் அல்லவா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்? அவள் ஜன்னலைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 24, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும்.

மறுபடியும் கண்கட்டு விளையாட்டு. பத்தாவதாக வந்த மதுரன் எழும்பும்போது மணல் பேசினைக் கவிழ்த்துவிட்டான். கூட்டி அள்ளி, கைக்கு வந்த இடத்தில் பேசின்களைத் திரும்ப வைத்தேன். வரிசை மாறிவிட்டது. தனு கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இடது காலைச் சல்லிக்கல்லில் வைத்தேன். "மணல்" என்றாள். பீலித் தண்ணீரில் வைத்தேன். "சல்லி." சாக்கில் வைத்தேன். "கொழுந்து." பழைய வரிசையைப் பாடம் மாதிரி ஒப்பிக்கிறாள்.

விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். லோஜினி வேறு இன்றைக்கு அரை நேர வேலையோடு வந்து வாசலில் நிற்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒழுங்கா சொல்லு" என்று அந்தக் காலில் பட்டென்று ஒன்று வைத்தேன்.

அவள் அசையவில்லை. சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, "யாரை அடிச்சீங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

கட்டை அவிழ்த்தேன். காலில் என் விரல் நாலும் சிவப்பாகப் பதிந்திருந்தது.

ஜூன் 25, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். வீட்டிலேயே கண்ணைக் கட்டி, சீப்பு, கரண்டி, கோழியிறகு என்று எல்லாவற்றாலும் தொட்டுப் பார்த்தேன். வலது காலில் சிரித்து உருள்கிறாள். இடது காலில், "தொட்டுட்டீங்களாம்மா?" என்று கேட்கிறாள். ஒருமுறை சரியாகச் சொன்னாள். உடனே மனம் ஒன்றுமில்லை என்றது. அடுத்த தடவை சொல்லவில்லை.

எப்போதிருந்து இப்படி? யாருக்குத் தெரியும்! ஊர் வாய்க்குப் பயந்து இவளைக் கடைசியில் நிறுத்தினேனே, அங்கே நின்று பத்துப் பிள்ளைகள் சொன்னதையும் கேட்டுக் கேட்டு ஒப்பித்திருக்கிறாள். முதலில் நிறுத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் நியாயம் என்று நினைத்துத்தானே செய்தேன். அது எப்படி இப்படிப் போய் முடிந்தது? ஒன்றும் புரியவில்லை.

ஜூன் 28, வெள்ளி

இன்று படிவம் போக வேண்டும். பத்துத் தாள் பத்து நிமிஷத்தில் நிரப்பினேன். பதினோராவதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'இரண்டு பாதத்தாலும் தொடுவதை உணர்கிறாரா?'

'ஆம்' என்று போட்டேன். போட்டதும் போன வருஷம் மதுரனுக்கு எழுதிய தாள் ஞாபகம் வந்தது. அவனுக்கு 'இல்லை' என்று போட எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது? ஒரு நொடி. அவன் அம்மா அழுதபோது, "பிள்ளையின் நன்மைக்குத்தானே" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொன்னேனே!

மத்தியானம் சாப்பிட வந்த இவரிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு, "பொம்பளப் புள்ள ஜெயந்தி. கால்ல கொறைன்னு ஒன் கையாலயே எழுதி வச்சா, நாளைக்கி அவள யாரு...? கொஞ்ச நாள் பாப்போம். வளந்தா சரியாயிரும்" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எனக்கும் அப்படியே விட்டுவிடலாம் போல இருந்தது. விட்டால் என்ன? ஓடுகிறாள், ஆடுகிறாள். யார் கேட்கப் போகிறார்கள்?

குதிகால் புண் இன்னும் ஆறவில்லை. அடுத்த புண்ணையும் அவள் சொல்லப்போவதில்லை.

'ஆம்' என்பதை அடித்தேன். 'இல்லை' என்று போட்டேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

ஜூலை 2, செவ்வாய்

தோட்டத்து டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கி, நுவரெலியா ஆசுபத்திரிக்குப் போனோம். டாக்டர் காலைப் பார்ப்பார் என்று நினைத்தால், சட்டையைத் தூக்கி முதுகைப் பார்க்கிறார். இடுப்புக்குக் கீழே நடுவில் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு முடிக்கொத்து உண்டு. ராசி முடி என்று எங்கள் லயத்து வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். நானும் எண்ணெய் தடவி வளர்த்தேன். டாக்டர் அதைத் தொட்டு ஏதோ சிங்களத்தில் சொன்னார். எனக்குப் பாதி விளங்கியது. நர்ஸ் தமிழில் கேட்டார், "பிள்ளை படுக்கையில் சலம் போறவவா?"

போகிறாள். இந்த வருஷம் மறுபடியும் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். சோம்பேறி என்று அதற்கும் அடித்திருக்கிறேன்.

முடிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இவரும் நானும் மாறி மாறி அதையேதான் கேட்டுக்கொண்டோம்.

ஜூலை 11, வியாழன்

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன். அந்த முடிக்கொத்து உள்ளே இருக்கிற குறைக்கு அடையாளமாம்; அங்கே முதுகெலும்புக்குள் போகிற நரம்பு கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். பிள்ளை வளர வளர அது இழுபடுகிறதாம். விட்டால் மற்றக் காலும் போகும், சலமும் கட்டுப்படாது. ஒபரேஷன் செய்து ஒட்டை விடுவிக்க வேண்டும். போன உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். "வரலாம், வராமலும் போகலாம். இனிமேல் போகாமல் பார்க்கலாம். நல்ல நேரத்தில் கொண்டு வந்தீர்கள்" என்றார் டாக்டர்.

நல்ல நேரமா? எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். வந்து, "நீ எழுதுனது சரிதான்" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 14, ஞாயிறு

லோஜினி லயத்துக்கு வந்தார். நன்றாகக் கேட்கப் போகிறார், கேட்கட்டும் என்று நின்றேன். உள்ளே வந்து தனுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு திடீரென்று, "டீச்சர், அன்னக்கி அவ எல்லாம் சரியா சொன்னப்ப நான் ஒரு வார்த்த விட்டேனே, எங்கண்ணுதான் பட்டுருச்சோன்னு எனக்குச் சோறு எறங்கல" என்று விம்மினார்.

"அடப்போங்க லோஜினி, அது பொறக்கையிலயே இருந்தது" என்று அவர் கையைப் பிடித்தேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம். நான்தான் அதிகம் அழுதேன். போகும்போது, "நீங்க போயிட்டு வாங்க, பேசின் கழுவ நாங்க இருக்கோம்" என்றார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஒபரேஷன் முடிந்தது. கண் விழித்ததும், "இங்கயும் நான் கடைசியா?" என்று கேட்டாள்.

ஒக்டோபர் 14, திங்கள்

தனு இன்று திரும்பவும் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாள். பேசின்கள் வைத்தேன். இப்போதெல்லாம் பிள்ளைக்குப் பிள்ளை இடம் மாற்றுகிறேன். இடுப்பு போனால் போகட்டும்.

பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். பழக்க தோஷம், தனு தானாகவே கடைசிக்குப் போனாள். மதுரனை விட வந்த லோஜினி வாசலிலேயே நின்று குரல் கொடுத்தார். "அவள மொதல்ல விடுங்க டீச்சர். எவ என்னா சொல்றான்னு நான் பாக்குறேன்!"

முதலில் உட்கார வைத்தேன். கண்ணைக் கட்டினேன். அவளுக்கு முன்னால் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இடது காலை எடுத்துப் பீலித் தண்ணீரில் வைத்தேன். அவள் பெருவிரல் லேசாக அசைந்தது. நான் அசைத்தேனா, அவளா என்று தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள்.

"அம்மா," என்றாள், டீச்சர் என்பதை மறந்து. "என்னமோ இருக்கு. என்னான்னுதான் தெரியல."

பிறகு, மாதக் கடைசி வரை பொறுக்காமல் படிவத்தை எடுத்தேன். 'ஆம்' என்று போட முடியவில்லை. 'இல்லை' என்று போட மனம் வரவில்லை. இரண்டு கட்டத்துக்கும் நடுவில், "என்னமோ இருக்கு" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.